"லோக்கல் இந்தியனா, இந்தியா இந்தியனா?": சிங்கப்பூரில் வீடு தேடப் போகும் ஒருவருக்கு

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காகச் சிங்கப்பூர் வருகிறீர்கள். கூடவே மனைவியும் ஐந்து வயது மகளும். "தமிழ் ஆட்சிமொழியாக இருக்கிற நாடு, பல இனங்கள் ஒற்றுமையாக வாழ்கிற நாடு என்று படித்திருக்கிறேன். ஆனால் இந்தியர் என்றால் வாடகைக்கு வீடு கிடைக்காது, அங்கே பிறந்த தமிழர்களே நம்மைத் தள்ளி வைப்பார்கள் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். எது உண்மை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் படித்ததும் உண்மை, நண்பர்கள் சொன்னதும் உண்மை. இரண்டும் ஒரே ஊரில் எப்படி இருக்க முடியும் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். என் தாத்தா 1930-களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அதனால் நான் சொல்வதில் பாதி, எங்களைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளும் குறை.

முதலில் வீடு. வாடகை விளம்பரங்களில் "இந்தியர், சீன நாட்டவர் வேண்டாம்" என்று பச்சையாகவே எழுதிய காலம் ஒன்று உண்டு. 2014 வாக்கில் அது வெளிநாட்டுச் செய்திகளில்கூட வந்தது. வீட்டு ஏஜெண்டுகளைக் கண்காணிக்கும் மன்றம், அப்படி எழுதக் கூடாது என்று அறிவுறுத்தியிருக்கிறது. விளம்பரங்கள் இப்போது பெரும்பாலும் சுத்தமாகிவிட்டன. ஆனால் கேள்வி வாட்ஸ்அப்புக்கு இடம் மாறிவிட்டது. நீங்கள் "வீடு பார்க்க வரலாமா?" என்று கேட்டால், அடுத்த செய்தியிலேயே எத்தனை பேர், என்ன வேலை, என்ன பாஸ் (அதாவது எந்த வகை வேலை அனுமதி), என்ன இனம், எந்த நாடு, சமைப்பீர்களா என்று வரிசையாக வரும். "லைட் குக்கிங் மட்டும்" என்று ஒரு நிபந்தனை இருக்கும். முட்டை அவிக்கலாம், நூடுல்ஸ் போடலாம், தாளிக்கக் கூடாது என்று பொருள். பதில் அனுப்பிய பிறகு சில நேரம் ஒன்றுமே வராது. சில நேரம் "சாரி, ஓனர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்" என்று வரும். மறுவாரம் அதே வீடு அதே படங்களோடு விளம்பரத்தில் இருக்கும்.

இதில் என் சொந்தக் கதை ஒன்று உண்டு. பல வருடங்களுக்கு முன், பழைய வீட்டை விற்றுவிட்டுப் புது வீட்டுச் சாவிக்காகக் காத்திருந்த எட்டு மாதம் நாங்கள் வாடகைக்கு இருக்க வேண்டி வந்தது. ஒரு ஏஜெண்டைக் கூப்பிட்டேன். என் பெயரைக் கேட்டதுமே, "ஓனருக்கு இந்தியர் வேண்டாமாம், மன்னிக்கணும்" என்றார். நான் உடனே, யோசிக்கவே இல்லை, "நான் லோக்கல் இந்தியன், இங்கேயே பிறந்தவள்" என்றேன். அந்தக் குரல் அப்படியே மாறிவிட்டது. "ஓ, லோக்கலா! அப்போ சரி, சனிக்கிழமை வாங்க." வீடு கிடைத்தது. மறுநாள் அலுவலகத்தில் இதைப் பெரிய சாமர்த்தியமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்களோடு வேலை பார்த்த மதுரைப் பெண் ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் கணவரும் இரண்டு மாதமாக வீடு தேடி அலைந்தது எனக்குத் தெரியும். அவள் கோபப்படவில்லை. "நான் அதைச் சொல்ல முடியாதே அக்கா" என்றாள், அவ்வளவுதான்.

நான் அன்றைக்குப் பாகுபாட்டை எதிர்க்கவில்லை. அது என் மேல் விழாமல் விலகி நின்று, வேறு ஒருத்தி மேல் விழட்டும் என்று வழிவிட்டேன். இங்கே பிறந்த தமிழர் பலர் தினமும் இதைச் செய்கிறோம். உங்கள் நண்பர்கள் சொன்ன "அங்குள்ள தமிழரே தள்ளி வைப்பார்கள்" என்பதன் வேர் இங்கேதான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். உங்களுக்கு வீடு மறுக்கப்படும் ஒவ்வொரு முறையும் அது வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், வீணாக மனம் நோகும். இங்கே பெரும்பாலோர் வசிப்பது வீவக வீடுகளில், அதாவது அரசு கட்டிய அடுக்குமாடிகளில். அதில் முழு வீட்டை வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விட 2014 முதல் ஓர் உச்சவரம்பு இருக்கிறது. ஒரு வட்டாரத்தில் 8 விழுக்காடு, ஒரு புளோக்கில் 11 விழுக்காடு. அது நிரம்பிவிட்டால் வீட்டுக்காரர் நினைத்தாலும் உங்களுக்குத் தர முடியாது. ஏஜெண்ட் இதை ஒழுங்காக விளக்காமல் "முடியாது" என்று மட்டும் சொல்லிவிடுவார். தனி அறை எடுத்தாலோ, காண்டோ எனப்படும் தனியார் குடியிருப்புக்குப் போனாலோ இந்த வரம்பு கிடையாது.

ஆனால் இந்த விதியிலேயே ஒரு விலக்கு இருக்கிறது, கவனியுங்கள். மலேசியர்களுக்கு இந்த வரம்பு பொருந்தாது. வரலாற்றிலும் பண்பாட்டிலும் அவர்கள் சிங்கப்பூரருக்கு நெருக்கமானவர்கள் என்பது காரணம். அது ஒருவகையில் நியாயம்தான், ஒரு காலத்தில் இரண்டும் ஒரே நாடு. ஆனாலும் யார் நம்மைப் போன்றவர், யார் இல்லை என்ற கோட்டை விதியே போட்டுவிடுகிறது. வீட்டுக்காரர் அதே கோட்டை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டுக்கொள்கிறார்.

சிங்கப்பூரின் இன நல்லிணக்கம் வெறும் பேச்சு என்று நான் சொல்ல மாட்டேன். அதை நான் வாழ்ந்து பார்த்திருக்கிறேன். 1964-ல் இங்கே சீனருக்கும் மலாய்க்காரருக்கும் கலவரம் நடந்தது. அது தொடங்கிய ஜூலை 21-ஐத்தான் இப்போது பள்ளிகளில் இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஓர் இனத்தார் மட்டும் ஒரே இடத்தில் குவியக் கூடாது என்று 1989-ல் வீவக வீடுகளுக்கு இன ஒதுக்கீடு வந்தது. என் மாடியில் ஒரு பக்கம் மலாய்க் குடும்பம், மறுபக்கம் ஹொக்கியன் பேசும் சீனப் பாட்டி. தீபாவளிக்கு முறுக்கு போகும், நோன்புப் பெருநாளுக்குக் கேக் வரும், சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு வரும். இதெல்லாம் உண்மை.

ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும், நாடு தனி நாடான 1965-ல் உள்ளே இருந்தவர்களுக்காகச் செய்தது. பள்ளிப் பிள்ளைகள் காலையில் சொல்லும் தேசிய உறுதிமொழி "சிங்கப்பூர்க் குடிமக்களாகிய நாம்" என்றுதான் தொடங்குகிறது. இனம், மொழி, மதம் என்ற மூன்று வேற்றுமைகளை மறக்கச் சொல்கிறது. நீ எப்போது வந்தாய், எந்த பாஸில் வந்தாய் என்ற நான்காவது வேற்றுமை அதில் இல்லை. 1966-ல் அதை எழுதியவர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவில் வளர்ந்து, சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரானவர். அவரே வந்தவர். அந்த நாளில் எல்லோருமே வந்தவர்கள்தான் என்பதால், வந்தவரை இங்கேயே பிறந்தவரிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் எழாமல் போயிருக்கலாம். இன்று நாட்டில் இருக்கும் 60 லட்சம் பேரில் 18 லட்சத்துக்கும் மேல் குடிமகனும் இல்லாத, நிரந்தரவாசியும் இல்லாத வெளிநாட்டவர். நீங்களும் அந்தக் கணக்கில்தான் சேர்வீர்கள்.

இந்த ஊர் வெறுப்புக்கு ஒரு பழக்கம் உண்டு. அது நேராக வந்து "உன் இனம் எனக்குப் பிடிக்காது" என்று சொல்லாது, அப்படிச் சொல்வது குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். அது வாசனையைப் பற்றிப் பேசும், சத்தத்தைப் பற்றிப் பேசும், சுவரில் படியும் எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றிப் பேசும். "நான் இனவாதி இல்லை, மசாலா வாடை திரைச்சீலையில் தங்கிவிடும், அவ்வளவுதான்" என்பார்கள். அதைச் சொல்கிற அதே பெண்மணி ஞாயிற்றுக்கிழமை காலையில் கோப்பிக் கடையில் ரொட்டி பரோட்டாவைக் கறியில் தோய்த்துச் சாப்பிடுவார். மீன்தலைக் கறி இந்த ஊரின் பெருமை. கறி பிடிக்கிறது, கறி சமைக்கும் குடும்பம் எதிர்வீட்டில் இருப்பதுதான் பிடிக்கவில்லை.

2011-ல் ஊரைக் கொதிக்க வைத்த ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். சீனாவிலிருந்து புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பம், பக்கத்து இந்தியக் குடும்பம் சமைக்கும் கறி வாடை தாங்கவில்லை என்று புகார் செய்தது. சமரசப் பேச்சு நடந்தது. சீனக் குடும்பம் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் இந்தியக் குடும்பம் கறி சமைக்கும், பதிலுக்கு அவர்களும் ஒருமுறை கறியைச் சாப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று முடிவானது. இது நடந்து சில வருடங்கள் கழித்து, 2011 ஆகஸ்டில்தான் செய்தியில் வந்தது, வந்ததும் ஊரே கொதித்தது. ஆகஸ்ட் 21 அன்று எல்லோரும் வீட்டில் ஒரு பானை கறி சமைப்போம் என்று இணையத்தில் அழைப்பு விட்டார்கள். பல்லாயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்ற வித்தியாசமே இல்லை. நானும் அன்று கோழிக் கறி வைத்தேன், மாடி முழுக்க மணந்தது, மனசெல்லாம் பெருமை.

பிறகுதான் இணையத்தில் எழுதப்பட்டவற்றை நிதானமாகப் படித்தேன். கறிக்கு ஆதரவாக எழுதப்பட்டதைவிடச் சீன நாட்டவரை ஏசி எழுதப்பட்டது அதிகம். துப்புகிறவர்கள், கத்திப் பேசுகிறவர்கள், வரிசையில் நிற்கத் தெரியாதவர்கள், திரும்பிப் போங்கள் என்று. அதை எழுதியவர்களில் பலர் சிங்கப்பூர்ச் சீனர்கள். அவர்களுடைய தாத்தாக்கள் சீனாவின் ஃபூஜியனிலிருந்தும் குவாங்டொங்கிலிருந்தும் வந்தவர்கள். நாங்கள் மூன்று இனமும் அன்று ஒன்றுசேர்ந்ததற்குக் காரணம் கறி மட்டும் இல்லை, நான்காவதாக ஒருவன் வெளியே நின்றான். நான் அந்தக் கறி சமைத்ததற்காக வருத்தப்படவில்லை. ஆனால் வெளியே நிற்பவனைக் காட்டி உள்ளே இருப்பவர்கள் அணைத்துக்கொள்வதை நல்லிணக்கம் என்று கொண்டாட இப்போது என்னால் முடியவில்லை.

அந்த நான்காவது ஆளாக நாளைக்கு நீங்கள் நிற்பீர்கள். இனி தமிழர் கதைக்கு வருகிறேன்.

எங்களுக்குள் "ஊர்க்காரன்" என்று ஒரு சொல் உண்டு. உங்கள் பக்கத்தில் அது பாசமான சொல். இங்கே பிறந்த தமிழர் வாயில் அது வரும்போது தொனி வேறு. "பாரு, ஊர்க்காரன் மாதிரி சட்டை போட்டிருக்கான்", "ஊர்க்காரன் மாதிரி போனில் கத்துறான்". பள்ளியில் என் வகுப்புத் தோழர்கள் இதைச் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். தலையில் எண்ணெய் தடவிக்கொண்டு போனால்கூட அந்தப் பெயர் வந்துவிடும்.

இது எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். இந்த ஊரில் தமிழனைக் "கெலிங்" என்று ஏசுவார்கள். கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் பழைய சொல் அது, முன்பு சாதாரணமாகத்தான் புழங்கியது. பிறகு வசவாக மாறிவிட்டது. கிளிங் ஸ்திரீட் என்று இருந்த தெருவின் பெயர் 1920-களிலேயே சூலியா ஸ்திரீட் என்று மாற்றப்பட்டது. அந்த வசவைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, "நான் அவர்கள் சொல்கிற அந்த ஆள் இல்லை" என்று நிரூபிக்கத் துடிக்கிறது. நிரூபிக்க எளிய வழி, உண்மையிலேயே அந்த ஆளாகத் தெரிகிற இன்னொருவனைக் கைகாட்டுவது. கப்பலில் வந்த தாத்தாவின் பேரன், விமானத்தில் வந்தவனைக் கைகாட்டுகிறான்.

இதில் இரண்டு திசை இருக்கிறது. வொர்க் பர்மிட்டில் வந்த கட்டுமானத் தொழிலாளியை எங்களவர்கள் கீழே பார்க்கிறார்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸில் வந்து காண்டோவில் குடியிருக்கும் வங்கி அதிகாரியையோ கணினி நிபுணரையோ பார்த்தால் மேலே பார்த்துப் பொருமுகிறார்கள். பொருமலில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்தவர்களின் பிள்ளைகள் மூன்று தலைமுறையாக ஒவ்வொரு படியாக ஏறினார்கள். 1990-ல் குடிமக்கள், நிரந்தரவாசிகள் கணக்கில் 7.1 விழுக்காடாக இருந்த இந்தியர், 2010-ல் 9.2 விழுக்காடு ஆனார்கள். கூடியவர்களில் பெரும்பகுதி நன்கு படித்து நல்ல சம்பளத்தில் வந்தவர்கள், அதிலும் தமிழர் அல்லாதவர்கள் நிறைய. "இந்தியர் முன்னேறிவிட்டார்கள்" என்று புள்ளிவிவரம் சொன்னபோது, "எந்த இந்தியர்?" என்று எங்கள் வீட்டில் கேட்டோம். வந்தவர்களில் சிலர் எங்களைப் பார்த்து, "ஓ, நீங்கள் கூலியாக வந்தவர்களின் பரம்பரையா?" என்கிற தோரணையில் பேசியதும் உண்டு. அந்தக் காயமும் உண்மை. நீங்கள் வரும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால் ஒரு லோக்கல் தமிழர் முதலில் இறுக்கமாக இருப்பது ஏன் என்று புரியும்.

ஆனால் பொருமலுக்கும் வசவுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. வெளிநாட்டவர் எத்தனை பேர் வர வேண்டும், எந்த வேலைக்கு வர வேண்டும் என்று கேட்பது அரசியல், குடிமகனின் உரிமை. 2013-ல் மக்கள்தொகை 2030-க்குள் 69 லட்சம் ஆகலாம் என்ற வெள்ளை அறிக்கை வந்தபோது அதை எதிர்த்து ஹொங் லிம் பூங்காவில் பெரிய கூட்டம் கூடியது, அது தவறில்லை. இந்தியாவோடு 2005-ல் கையெழுத்தான பொருளாதார ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்தில் விவாதிப்பதும் தவறில்லை. விவாதித்தார்கள், அந்த ஒப்பந்தம் இந்தியருக்கு வேலையையோ குடியுரிமையையோ தானாகத் தந்துவிடவில்லை என்று அரசு விளக்கியது. ஆனால் அதற்குள் அந்த ஒப்பந்தத்தின் சுருக்கப் பெயரான "சீகா" இணையத்தில் ஒரு வசவாகிவிட்டது. லிஃப்டில் நிற்கும் ஓர் இந்தியக் குடும்பத்தைப் பார்த்து "சீகா" என்று முணுமுணுப்பவர் எந்தக் கொள்கையையும் விமர்சிக்கவில்லை.

அதோடு, அந்த வசவு பாஸ்போர்ட் பார்த்து வருவதில்லை. 2021 மே மாதம், கொரோனாக் காலத்தில், சுவா சூ காங்கில் வேக நடை போய்க்கொண்டிருந்த 55 வயது இந்தியப் பெண்மணியை ஓர் இளைஞன் முகக்கவசத்தைச் சாக்காக வைத்து இனத்தைச் சொல்லி ஏசி, நெஞ்சில் உதைத்தான். பின்னர் அவனுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்த அம்மா சிங்கப்பூர்க் குடிமகள். அவன் உதைப்பதற்கு முன் "லோக்கலா?" என்று கேட்கவில்லை. நான் தொலைபேசியில் பிடித்துக்கொண்டேனே ஒரு கேடயம், அது எவ்வளவு மெலிசானது என்று அன்றைக்கு எங்களில் பலருக்கு உறைத்தது.

இதுவரை சொன்னதெல்லாம் உங்களைப் போல ஓரளவு சம்பளத்தில் வருபவர்கள் படுவது. நம் ஊரிலிருந்து வரும் கட்டுமானத் தொழிலாளிகள் படுவதைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வராது. உங்களுக்கு வீடு கிடைக்கத் தாமதமாகும், கிடைத்துவிடும். அவர்களுக்கு எங்கள் நடுவே வீடு என்ற பேச்சே இல்லை.

2008-ல் சிராங்கூன் கார்டன்ஸ் என்ற வசதியான வட்டாரத்தில், பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பள்ளிக் கட்டடத்தை வெளிநாட்டு ஊழியர் விடுதியாக்கத் திட்டமிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். திருட்டுப் போகும், பெண்களுக்குப் பாதுகாப்பு இல்லை, வீட்டு விலை இறங்கும் என்றார்கள். விடுதி கடைசியில் வந்தது, ஆனால் சிறிய அளவில், அவர்கள் குடியிருப்பின் உள்ளே நடக்காமல் போய்வரத் தனிச் சாலையோடு. அந்த வட்டாரத்து வீடுகளைக் கட்டியவர்களில் அப்படிப்பட்ட தொழிலாளிகளும் இருந்திருப்பார்கள். கட்டும்போது அவர்கள் அங்கே நின்றது யாருக்கும் பயமாக இல்லை.

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில், ரேஸ் கோர்ஸ் சாலையருகே, புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வந்த 33 வயதுத் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தார். கூட்டம் ஆத்திரமடைந்து பேருந்தை அடித்து நொறுக்கியது, ஆம்புலன்சும் போலீஸ் வாகனங்களும் எரிந்தன. நாற்பது ஆண்டுக்கும் மேலாக இந்த ஊர் பார்க்காத கலவரம். வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் மறுநாள் கடைகளில் கேட்ட பேச்சை மறக்க முடியவில்லை. "குடிச்சிட்டு ஆடுறானுங்க" என்று சொன்னவர்களில் தமிழரும் உண்டு. அதன்பின் தேக்காவில் மதுவுக்குக் கட்டுப்பாடு, 2015-ல் அதற்கென்று தனிச் சட்டம். வாரம் ஆறு நாள் உழைத்தவன் ஏழாம் நாள் உட்கார எங்கே இடம் என்று கேட்டவர்களும் இருந்தார்கள், ஆனால் குறைவு.

பிறகு 2020. விடுதிகளில் ஓர் அறைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர், சில இடங்களில் அதற்கும் மேல். கொரோனா உள்ளே நுழைந்ததும் தீயாகப் பரவியது. அந்த ஆண்டு டிசம்பரில் அரசு தந்த கணக்கு: விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று. பெரும்பாலோர் இளைஞர்கள், நல்ல மருத்துவமும் கிடைத்தது, இறப்பு மிகக் குறைவு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எங்களுக்குக் கட்டுப்பாடு தளர்ந்து கடைகண்ணி திறந்த பிறகும் அவர்களுக்குத் திறக்கவில்லை. விடுதியை விட்டு வெளியே வர அனுமதி வாங்கும் முறை 2022 ஜூன் வரை நீடித்தது. பிறகும் ஞாயிற்றுக்கிழமை தேக்கா போன்ற இடங்களுக்குப் போகத் தனி அனுமதி வேண்டியிருந்தது. இரண்டு வருடத்துக்கு மேல், தம்பி. கைகளைக் கழுவத் தெரியாதவர்கள், கையால் சாப்பிடுகிறவர்கள், அதனால்தான் நோய் என்று அப்போது எழுதியவர்களும் உண்டு. நானும் கையால்தான் சாப்பிடுகிறேன்.

இன்றைக்கும் காலையில் விரைவுச்சாலையில் லாரியின் பின்னால் அவர்கள் உட்கார்ந்து போவதைப் பார்ப்பீர்கள். சாதாரண மனிதரை லாரியின் பின்னால் ஏற்றிப் போவது இங்கே சட்டப்படி தவறு. தொழிலாளிக்கு மட்டும் விலக்கு. மழை வந்தால் ஒரு தார்ப்பாய். பார்த்துப் பார்த்து எங்களுக்குப் பழகிவிட்டது. உங்கள் மகள் முதல் வாரமே கேட்பாள், "ஏன்ப்பா அவங்க மட்டும் லாரியில போறாங்க?" என்று. இங்கே வளர்ந்த பிள்ளைகள் கேட்பதில்லை.

சரி, உங்களுக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது? வேலையிடத்தைப் பொறுத்தவரை நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. 2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டம் நிறைவேறியது. எவற்றைக் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று அது சொல்லும் பட்டியலில் இனம், மதம், மொழி, வயது இவற்றோடு குடியுரிமையும் இருக்கிறது. அதே நேரம் உள்ளூர்க்காரரை முன்னுரிமை கொடுத்து எடுப்பது அனுமதிக்கப்பட்டது, அதைப் பாகுபாடு என்று நீங்கள் வாதாட முடியாது. சிறு நிறுவனங்களுக்கு ஆரம்பத்தில் விலக்கு உண்டு. வாடகை வீட்டுக்கு இப்படி ஒரு சட்டம் இல்லை. ஏஜெண்ட் தவறாக விளம்பரம் செய்தால் அவர் மேல் புகார் செய்யலாம், ஆனால் தன் வீட்டை யாருக்கு விடுவது என்பதை ஓனர் முடிவுசெய்துகொள்கிறார். அதையும் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அரசு கட்டி, பொதுப் பணத்தில் மானியம் தந்த வீட்டிலாவது வேண்டும்.

வீடு தேடும்போது செய்ய வேண்டியது: பெயரையும் நாட்டையும் மறைக்காதீர்கள், பின்னால் தெரிந்து ஒப்பந்த நேரத்தில் கைவிட்டால் அலைச்சல்தான் மிச்சம். முதல் செய்தியிலேயே குடும்பம், வேலை, எத்தனை வருட ஒப்பந்தம் வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். இரண்டு வருடம் என்றால் பல ஓனர்களுக்கு மனம் இளகும். "சமைப்பீர்களா?" என்றால் "சமைப்போம், வீட்டைச் சுத்தமாக வைத்திருப்போம், காலி செய்யும்போது சுத்தம் செய்துதான் தருவோம்" என்று சொல்லுங்கள். சமைக்க மாட்டேன் என்று பொய் சொல்லி, பிறகு இரண்டு வருடம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பயந்து பயந்து ரசம் தாளிக்காதீர்கள். அது வீடே இல்லை. வீவக முழு வீடு என்றால் அந்தப் புளோக்கில் வெளிநாட்டவர் வரம்பு மிச்சமிருக்கிறதா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு. குறுஞ்செய்தியில் மறுத்துவிட்ட ஒரு வீட்டுக்காரப் பாட்டி, தெரிந்த குடும்பம் ஒன்று நேரில் போய் நின்றபோது குழந்தைக்குப் பிஸ்கட் கொடுத்துச் சாவியும் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது தாய்மொழிப் பாடமாகத் தமிழை எடுங்கள். வகுப்பில் இங்கே பிறந்த பிள்ளைகள் இருப்பார்கள், சிலருக்கு உங்கள் மகளைவிடத் தமிழ் தடுமாறும். அவர்கள் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுவார்கள். "உனக்குத் தமிழே தெரியலையே" என்று அவளைச் சொல்ல விடாதீர்கள். இந்த ஊரில் தமிழ் தானாக நிலைத்துவிடவில்லை. திருவாரூரிலிருந்து 1924-ல் வந்த கோ. சாரங்கபாணி போன்றவர்கள் 1935-ல் தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கி, 1950-களில் ஒவ்வொரு தமிழனிடமும் "இங்கே குடியுரிமைக்கு விண்ணப்பம் போடு" என்று கெஞ்சிப் பிடித்து வைத்த இடம் இது. அவரும் வந்தவர்தான், இருக்கப் போகிறவர்களுக்காக உழைத்தார்.

அந்த மதுரைப் பெண்ணுக்கு என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அவள் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்ததால், அடுத்த வாரம் அவளோடு நானும் வீடு பார்க்கப் போனேன். மூன்றாவது வீட்டில் ஏஜெண்ட் என்னைப் பார்த்து, "நீங்க லோக்கலா?" என்று கேட்டார். "குடியிருக்கப் போவது இவர்கள், இவர்களிடம் கேளுங்கள்" என்றேன். அந்த வீடு கிடைக்கவில்லை. ஐந்தாவது வீடு கிடைத்தது. நீங்கள் வந்து இறங்கியதும் எழுதுங்கள், உங்களோடும் வருகிறேன்.